அலிபாபா குகையை மேசைமேல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததற்கு அடையாளமாக அதன் முகப்பு வளைவு நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்நிறுவனத்திலிருந்துதான் வெளிவந்தது. அந்த வளைவைக் கடந்து போய்வரும் ஒருவருக்கு, திருடர் குகையை டயோரமாவாக, அதாவது மண்ணும் மனிதரும் ஒளியும் சேர்ந்த சிறு காட்சிப் பெட்டியாக, வீட்டில் கட்டிப் பார்க்கும் ஆசை வருவதில் வியப்பில்லை. நான் மூன்று முறை கட்டினேன். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின.

களிமண்ணைத் தொடும் முன்பே நேர்ந்துவிடும் தவறுதான் பெரிய தவறு. பார்ப்பவர் கண் எங்கே நிற்கப் போகிறது என்பதை முடிவு செய்யாமலேயே பலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். படப்பிடிப்புக்கு அரங்கம் அமைப்பவர்கள் கேமராவுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் பாறையாக்கிவிட்டு, பின்புறத்தில் சட்டங்களையும் முட்டுக்கட்டைகளையும் அப்படியே விட்டுவிடுவது வழக்கம். நாமோ நான்கு பக்கமும் பாறை செய்து, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் திரையில் கண்டது கிடைக்காமல் திகைக்கிறோம். மூன்று பக்கங்களையும் மேற்புறத்தையும் மூடி, முன்பக்கத்தை மட்டும் திறந்துவைத்த பெட்டியே குகைக்கு ஏற்றது. 1:24 அளவில், அதாவது அசலில் 24இல் ஒரு பங்காகக் கட்டினால், நிற்கும் மனிதனின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 6 செ.மீ. உயரத்தில் வரும், பெட்டியை அலமாரியில் வைக்கும்போது நம் கண்ணும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் எவ்வளவு நல்ல குகையும் பொம்மைப் பெட்டியாகவே தெரியும்.

அளவைக் கலப்பது அடுத்த தவறு. 1:24இல் 165 செ.மீ. உயர மனிதன் சுமார் 7 செ.மீ. இருப்பான். அவன் பக்கத்தில், கடையில் கிடைத்த விளையாட்டுப் பானைகளை அடுக்கிவிட்டுத் திருடர்கள் ஒளிந்த சாடிகள் என்று சொன்னால், கதை தெரிந்த குழந்தைகூடச் சிரிக்கும். குந்தியிருக்கும் ஆள் உள்ளே அடங்க வேண்டுமானால் சாடி 5 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். வேண்டுமென்றே அளவை மாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு: பின்வரிசை ஆட்களை 1:35 அளவில், 4.7 செ.மீ. உயரத்தில் செய்து, தரையையும் பின்னோக்கிச் சற்றே உயர்த்தினால், ஒன்றரை அடி ஆழப் பெட்டி இருமடங்கு ஆழமாகத் தோன்றும். ஆனால் இந்தக் கண்கட்டு ஒரே இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் பலிக்கும் என்பதால், கண்ணின் இடத்தை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

பொருள்களில் ஏமாறுவதற்கு எங்கள் ஊர் நிறையவே வாய்ப்பளிக்கிறது. மரவள்ளி விளையும் மாவட்டமாதலால் ஸ்டார்ச் மாவு எளிதில் கிடைக்கும். அதைக் காய்ச்சிய பசையில் காகிதத்தை ஊறவைத்துப் பாறை செய்வது மலிவுதான். என் முதல் குகையை அப்படிச் செய்து, மழைக்காலத்தில் ஏற்காட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்தேன். சில வாரங்களில் உட்சுவரெங்கும் பூஞ்சை படர்ந்தது. பசையில் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் பழைய வழி. ஆனால் அது நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையையே பயன்படுத்துவது நல்லது. தரைக்கு மண்ணாகத் தூவும் காப்பிச் சக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வெயிலில் மொறுமொறுவென்று காயாத சக்கை கட்டாயம் பூஞ்சை பிடிக்கும்.

தெர்மாக்கோலைப் பாறையாகச் செதுக்குபவர்கள் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாக்கோலை உருக்கிப் பள்ளம் பள்ளமாக்கிவிடும். தின்னரும் ரப்பர் பசையும் அதையே செய்யும். முதலில் வெள்ளைப் பசையில் காகிதம் ஒட்டி, அதன்மேல் தண்ணீரில் கரையும் வண்ணம் பூச வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பொறுத்தவரை, தண்ணீரில் மாவைத் தூவ வேண்டுமே தவிர மாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் சேர்த்தால் வலு போய்விடும். மீந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய்க்குள்ளேயே கல்லாகும்.

உருவங்களுக்குக் களிமண்ணைத் தேர்ந்தெடுப்பது, கொலு பொம்மை பார்த்து வளர்ந்த நமக்கு இயல்பாகத் தோன்றலாம். ஆனால் களிமண் காயும்போது சுருங்கும், உருவத்துக்குத் தாங்கலாக உள்ளே வைக்கும் கம்பி சுருங்காது. சேலத்துச் சித்திரை வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் விரைவாக உலர்ந்து, கழுத்திலும் முழங்கையிலும் வெடிப்பு விழுவது உறுதி. 7 செ.மீ. உருவத்துக்குக் கம்பிமேல் நூல் சுற்றி, அதன்மேல் இரு பகுதியாக வரும் எம்-சீல் போன்ற எபாக்சியைச் சம அளவில் பிசைந்து அப்புவதே பாதுகாப்பானது. கையுறை தேவை.

புதையலில்தான் பலருடைய பொறுமை தீர்ந்துவிடுகிறது. எல்லாவற்றின் மீதும் தங்க நிறத்தை ஒரே சீராகப் பூசினால் அது மஞ்சள் கூழாகத் தெரியும். முதலில் அடர்பழுப்பு, அதன்மேல் காவி, கடைசியில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் பொன் நிறம் என்று ஏற்றினால்தான் நாணயங்களுக்கு இடையே நிழல் தங்கும். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊரில், பழைய வெள்ளை உலோகக் கொலுசின் அறுந்த சங்கிலியும் உதிர்ந்த மணிகளும் நல்ல புதையலாகும். என் மூன்றாவது குகையில் பாதிச் செல்வம் அவைதான். நிறத்துக்குப் படத்தின் பிரதியை அப்படியே நம்பவும் கூடாது. அக்கால வண்ணப் பிரதிகள் பல மங்கிச் செம்மை ஏறியவை. திரையில் காணும் இளஞ்சிவப்புப் பாறை, எடுத்தபோது சாம்பலாக இருந்திருக்கலாம்.

ஒளியில் செய்யும் பிழை சிறியது, கெடுப்பது அதிகம். தீப்பந்தத்துக்கு 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை எல்இடியைப் பொருத்தினால் குகை மருந்துக்கடை போலாகிவிடும். 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் கலந்த ஒளியே ஏற்றது. 12 வோல்ட் இணைப்பில் தனி வெள்ளை எல்இடியைப் போட்டால் 470 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்க்க மறக்கக் கூடாது. பாறைச் சுவரின் பின்புறத்தைக் கறுப்பாக்காமல் விட்டால், மெல்லிய இடங்களில் ஒளி கசிந்து பாறை காகிதமென்று காட்டிக் கொடுத்துவிடும்.

முடிந்த பெட்டியை மலைமேல் கொண்டுபோகும் எண்ணமிருந்தால், பாறைகளைப் பசையை மட்டும் நம்பி நிறுத்தாமல் அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்குங்கள். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் என் இரண்டாவது குகையின் கதவு பதினோராவதிலேயே கழன்று, அலிபாபாவின் மேல் விழுந்தது. முகப்புக் கண்ணாடியை அவசரப்பட்டுப் பொருத்துவதும் தவறே. உள்ளே எஞ்சியிருக்கும் ஈரம் கண்ணாடியில் ஆவியாகப் படியும் என்பதால், சேலத்தில் இரண்டு வாரமும், ஏற்காட்டு மழைக்காலமானால் மழை விடும்வரையும், மெல்லிய துணியால் மட்டும் மூடி வைத்திருக்க வேண்டும்.