சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீபிஎஸ்டி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மூலநிரல் 2008-இல், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் சிவிஎஸ் மென்பொருளை விட்டு, அதே வேலை செய்யும் சப்வெர்ஷனுக்கு (எஸ்விஎன்) வந்தது. 2020 டிசம்பரில் அது கிட்டுக்கு மாறியது, 2021 ஏப்ரலில் கூடுதல் மென்பொருள்களை நிறுவ உதவும் போர்ட்ஸ் தொகுப்பும் மாறியது. பழைய சர்வரை வைத்திருப்பவர்கள் இந்த மாற்றத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் சப்வெர்ஷன் கைப்பழக்கத்தால்தான்.

மோசமான தவறு சத்தமே போடாது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் உள்ள ‘எஸ்விஎன் அப்டேட்’ வரியை அப்படியே விட்டுவிடுவதுதான் அது. பழைய களஞ்சியத்தின் ஹெட் கிளை அந்த டிசம்பரோடு நின்றுவிட்டது. 11, 12 கிளைகளின் மாற்றங்களை மட்டும் அங்கேயும் நகலெடுத்துப் போட்டார்கள். 13 முதல் எல்லாம் கிட்தான். கட்டளை எர்ரர் காட்டாது, புதிதாக எதையும் கொண்டுவரவும் செய்யாது.

அடுத்தது, பழைய மூலநிரல் கோப்புறையை அவசரமாக அழிப்பது. நீங்கள் திருத்திய கோப்புகளை ‘எஸ்விஎன் டிஃப்’ எடுத்துத் தரும். ஆனால் நீங்களே எழுதி வைத்த கெர்னல் கான்ஃபிக் கோப்பு களஞ்சியத்தில் சேராதது; டிஃப்பில் அது வராது. ‘எஸ்விஎன் ஸ்டேட்டஸ்’ கொடுத்து, கேள்விக்குறியோடு வரும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, வேண்டியதை ரூட்டின் ஹோமுக்கு நகர்த்துங்கள். போர்ட்ஸ் மரம் என்றால் டிஸ்ட்ஃபைல்ஸையும் (ஏற்கனவே இறக்கிய மூலக் கோப்புகள்) காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் மறுபடி டவுன்லோடு ஆகும்.

நட்சத்திரக்குறி போட்டு அழித்தால், புள்ளியில் தொடங்கும் எஸ்விஎன் கோப்புறை மறைந்தபடி அங்கேயே இருக்கும். கோப்புறை காலியாக இல்லை என்று, களஞ்சியத்தை நகலெடுக்கும் ‘கிட் குளோன்’ மறுத்துவிடும். அது தனி இசட்எஃப்எஸ் டேட்டாசெட்டாக (தனியே மவுண்ட் ஆகும் கோப்பு அமைப்பு) இருந்தால் கோப்புறையை நீக்க முயலாமல், உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள். கிட் அடிப்படைச் சிஸ்டத்தோடு வராது. முதலில் பேக்கேஜாக நிறுவிக்கொள்ளுங்கள்.

இடம் மிச்சம் என்று ‘டெப்த் 1’ போட்டு, வரலாறு இல்லாமல் கடைசி கமிட்டை (பதிவான மாற்றம்) மட்டும் குளோன் செய்பவர்கள் நிறைய. பில்ட் தடையில்லாமல் நடக்கும், சிக்கல் பின்னால் வரும். ஒரு திருத்தம் உங்களிடம் வந்துவிட்டதா என்று அறிய, சப்வெர்ஷனில் ‘ஆர்’ என்று தொடங்கும் திருத்த எண் பெரிதா சிறிதா என்று பார்த்தாலே போதும். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் உள்ள அடையாளக் குறியான ஹேஷில் முன்பின் தெரியாது. அதற்காகத்தான் பாதுகாப்பு அறிவிப்புகளில் ஹேஷோடு ‘n’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண்ணும் தருகிறார்கள். அது அந்தக் கிளையின் முதல் பெற்றோர் வழியே எண்ணிய கமிட் கணக்கு. ‘ரெவ்-லிஸ்ட்’ கட்டளைக்கு ‘கவுண்ட்’, ‘ஃபர்ஸ்ட்-பேரன்ட்’ இரண்டும் சேர்த்து உங்கள் மரத்தில் எண்ணி, அறிவிப்பின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஆழம் 1 உள்ள குளோனில் விடை 1 என்றுதான் வரும்! சிஸ்டத்தின் பதிப்பைக் காட்டும் ‘யூநேம்’ கட்டளையின் வெளியீட்டிலும் அந்த எண் இருக்காது. வட்டில் இடம் இருந்தால் முழு வரலாற்றையும் எடுத்துவிடுங்கள்.

புதிய மாற்றங்களைக் கொண்டுவர வெறும் ‘கிட் புல்’ வேண்டாம், ‘எஃப்எஃப்-ஒன்லி’ சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் ஒரு கமிட் இருந்தால், பழைய கிட்டிலோ மெர்ஜ் செய்யும்படி அமைத்த கிட்டிலோ தேவையில்லாத மெர்ஜ் கமிட் (இரு பக்க மாற்றங்களையும் இணைப்பது) ஒன்று உருவாகி அந்த எண்ணிக்கையும் குழம்பும். பழைய ஹெட்டின் இப்போதைய பெயர் மெயின், வளர்ச்சிக் கிளை. கிளை பெயர் சொல்லாமல் குளோன் செய்தால் அதுதான் வரும். சர்வருக்கு ஸ்டேபிளோ வெளியீட்டுக் கிளையோ பெயர் சொல்லி எடுங்கள்.

2022 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கிட், மரத்தின் உரிமையாளர் வேறொருவராக இருந்தால் வேலை செய்ய மறுக்கும். குளோன் செய்த யூசரிலேயே புல்லும் செய்யுங்கள்.