சென்ட்ரல் ஏசிக்கு டக்ட் பாதையைத் திட்டமிடுவது எப்படி?

சென்ட்ரல் ஏசி போட்ட வீட்டில் ஓர் அறையில் போர்வை தேவைப்படுகிறது, அடுத்த அறை புழுங்குகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு இயந்திரத்தில் இருப்பதில்லை, காற்றைக் கொண்டுசெல்லும் குழாயான டக்டில்தான் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கை மூடிய பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே வீட்டின் வரைபடம் கையில் இருக்கும்போதே பென்சிலோடு உட்காருங்கள்.

படி 1: எந்த அறைக்கு எவ்வளவு காற்று?

அறையின் பரப்பளவை மட்டும் வைத்துக் காற்றைப் பங்கிடாதீர்கள். மேற்கு வெயில் விழும் பெரிய ஜன்னல் கொண்ட சிறிய அறை, வெளிச்சுவரே இல்லாத பெரிய அறையைவிட அதிகக் குளிர்ச்சி கேட்கும். ஜன்னல், கூரை, சுவர், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து அறைவாரியாக வெப்பச் சுமையைக் கணக்கிட்டுத் தரும்படி ஏசி பொறியாளரிடம் கேளுங்கள்.

1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்ப அலகு) அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன். டன்னுக்கு நிமிடத்தில் சுமார் 400 கன அடி காற்று, அதாவது 400 சி.எஃப்.எம்., என்பது வழக்கமான கணக்கு. 3 டன் இயந்திரத்துக்கு 1,200 சி.எஃப்.எம். வீட்டின் மொத்தச் சுமையான 36,000 பி.டி.யு.வில் ஒரு படுக்கையறையின் பங்கு 4,500 என்றால், காற்றிலும் அதற்கு எட்டில் ஒரு பங்கு: 150 சி.எஃப்.எம். இப்படி ஒவ்வோர் அறைக்குள்ளும் அதன் எண்ணை எழுதிவிடுங்கள்.

படி 2: பாதையை வரையுங்கள்

காற்றைத் தள்ளும் ஏர் ஹேண்ட்லர் வீட்டின் நடுப்பகுதியில் இருந்தால் எல்லாக் கிளைகளும் குட்டையாகும். நடைபாதையின் கூரையை ஒட்டி முதன்மை டக்டை ஓட்டி, அதிலிருந்து அறைகளுக்குக் கிளை பிரியுங்கள். குறுக்கே உத்தரம் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். முதன்மை டக்டின் மூடிய முனையிலோ, வளைவை ஒட்டியோ கிளை எடுக்க வேண்டாம். அங்கே காற்று சீராக ஓடாது.

படி 3: காற்று திரும்பும் வழி

தொடக்கக்காரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். அறைக்குள் போன காற்று திரும்பி வர வழியில்லாவிட்டால், புதிய காற்றும் உள்ளே போகாது. கதவைச் சாத்தியதும் அறை அடைபட்டுப்போகும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி ரிட்டர்ன் (காற்று இயந்திரத்துக்குத் திரும்பும் வழி) வைப்பது நல்லது. முடியாவிட்டால் நடைபாதைக்குக் காற்று கடக்க, சுவரில் கிரில் வையுங்கள். கதவின் அடி இடைவெளியை மட்டும் நம்ப வேண்டாம். ரிட்டர்ன் கிரில்லின் முகப்புக்கு 2 சி.எஃப்.எம்.முக்கு ஒரு சதுர அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம், 1,200 சி.எஃப்.எம்.முக்கு 600 சதுர அங்குலம். சிறிய கிரில் வைத்தால் வீடு முழுக்க இரைச்சல் கேட்கும். சமையலறை, குளியலறை, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றிலிருந்து காற்றைத் திரும்ப எடுக்கவே கூடாது. வாசனையும் ஈரமும் புகையும் எல்லா அறைகளுக்கும் பரவும்.

படி 4: அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது?

விசிறியின் அழுத்தத்தைக் கைக்காசு போல எண்ணிச் செலவழிக்க வேண்டும். பல வீட்டு இயந்திரங்களில் அது 0.5 அங்குல நீர் அளவு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). குளிரூட்டும் காயிலுக்கு 0.20, ஃபில்டருக்கு 0.10, கிரில்லுக்கும் டேம்பருக்கும் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு) 0.06 போனால், டக்டுக்கு 0.14தான் மிஞ்சும். (உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.)

இனி மிக நீளமான பாதையை அளவிடுங்கள்: இயந்திரத்திலிருந்து கடைசி அறை வரை, பிறகு ரிட்டர்ன் வழியாக இயந்திரம் வரை. ஒவ்வொரு வளைவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை தரும். அந்த அடிகளையும் கூட்டுங்கள். மொத்தம் 200 அடி என்றால், 100 அடிக்குச் செலவழிக்கக்கூடியது 0.07 அங்குலம். டக்ட் அளவு அட்டவணையில் இந்த எண்ணோடு தேடினால், நம் 150 சி.எஃப்.எம். அறைக்கு 8 அங்குல வட்டத் தகரக் குழாய் ஒன்று வரும்; 6 அங்குலக் குழாய் இரண்டும் போதும். நான் இரண்டையே விரும்புவேன். பெரிய அறையில் குளிர் ஒரே மூலையில் குவியாது.

வளையும் ஃபிளெக்ஸ் டக்டாக இருந்தால் அதற்குரிய அட்டவணையைப் பாருங்கள். முழுதாக இழுத்துக் கட்டாமல் தொங்கவிட்டால் அது பாதிக் காற்றைக்கூட விழுங்கிவிடும்.

படி 5: மூடும் முன்

கிளை பிரியும் இடத்திலேயே டேம்பர் வையுங்கள். இணைப்புகளுக்கு மாஸ்டிக் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசுங்கள். சாதாரணத் துணி டேப் சூட்டில் உரிந்துவிடும். குளிரூட்டப்படாத இடத்தில் ஓடும் டக்டுக்குக் காப்புறை கட்டாயம். இல்லாவிட்டால் வெளிப்புறம் வியர்த்துக் கூரையில் நீர் சொட்டும்.

சீலிங் பலகை ஏறுவதற்கு முன் இயந்திரத்தை ஓட்டி, ஒவ்வோர் அறையிலும் காற்றை அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் எழுதிய எண்ணோடு ஒத்துவரும்வரை டேம்பரைத் திருப்பி, அது நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துவையுங்கள்.