நெல்லையில் இருவருக்கான இரண்டு நாள்: திட்டமிடும் முறை

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் இந்த ஊரைப் பார்க்க வருவதில்லை. திருச்செந்தூருக்கோ குற்றாலத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போகிற வழியில் அல்வா வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியுமாகச் சனி, ஞாயிறு இரண்டு நாளை நிதானமாகக் கழிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்த மூன்று ஊர்களையும் இந்தப் பயணத்திலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதுதான். இரண்டு நாளில் ஐந்து ஊர் பார்ப்பவர்கள் காருக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான் நினைவில் கொண்டுபோகிறார்கள்; நெல்லையும் அதன் கிழக்கே பத்திருபது கிலோமீட்டரும் இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதும்.

காலத்தைத் தேர்வதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஜனவரியும் பிப்ரவரியும் மிக நல்லவை. ஏப்ரல், மே மாத வெயிலில் கோயிலின் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் அந்த மாதத்தில் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் யாரையும் அழைக்க மாட்டார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி வருவதென்றால் அது வேறு வகைப் பயணம். ரத வீதிகளில் தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் வடம் பிடிக்க ஆசைப்படுபவர்கள் வரலாம், தனிமையை நாடுபவர்கள் தவிர்ப்பது நல்லது.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவில் எழும்பூரில் ஏறிக் காலையில் இறங்கும் நெல்லை எக்ஸ்பிரஸ்தான் பொருத்தமானது, ஏனென்றால் பகல் பொழுது வீணாகாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலும் இருக்கிறது. ஆனால் பிற்பகலில் சென்னையை விட்டு இரவில் வந்து சேரும் அந்த ரயிலுக்கு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கும்போது, திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். ஞாயிறு இரவு சென்னை செல்லும் வண்டிகள்தான் சீக்கிரம் நிரம்புகின்றன.

தங்குவதற்கு ஜங்ஷனைச் சுற்றியோ வண்ணார்பேட்டையிலோ அறை பாருங்கள். டவுனில் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே தெருக்கள் குறுகியவை, இரைச்சலும் அதிகம். ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் வந்தபடியே இருக்கும். அறை பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அதிகாலையில் வந்தால் அறை கிடைக்குமா, அல்லது நண்பகல் வரை காத்திருக்க வேண்டுமா? இரவு ரயிலில் வருபவர்களின் முதல் நாளை நிர்ணயிப்பது இந்தப் பதில்தான். இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

முதல் நாளின் நடுநாயகம் நெல்லையப்பர் கோயில். நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள் என்பதால், குளித்துச் சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். சுவாமிக்கும் காந்திமதி அம்மைக்கும் இங்கே தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைப்பது 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம். அம்மன் சந்நிதியிலிருந்து தொடங்கி, அந்த நீண்ட மண்டபத்தின் வழியாக மெல்ல நடந்து சுவாமி சந்நிதிக்குச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். இருவர் சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான நடை இந்த ஊரில் கிடையாது. ஐப்பசியில் திருக்கல்யாணம் நடப்பதும் இக்கோயிலின் தனிச்சிறப்பு.

சுவாமி கோயிலில் மணி மண்டபத்து இசைத்தூண்களைத் தவறவிடாதீர்கள். நடுவே ஒரு பெருந்தூண், அதைச் சுற்றி மெல்லிய சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை. தட்டினால் தூணுக்குத் தூண் வெவ்வேறு சுரம் எழும். பல தலைமுறைகளாகத் தட்டித் தட்டியே அவை தேய்ந்திருக்கின்றன. ஆகவே அருகில் நின்று, ஒவ்வொன்றின் பருமனும் செதுக்கலும் எப்படி மாறுகின்றன என்று கண்ணால் பார்த்தால் போதும், கையை வைக்க வேண்டாம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையும் இங்கேதான் உள்ளது. அதன் மர வேலைப்பாட்டுக்கு மட்டும் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

பிற்பகலில் எதையும் திட்டமிடாதீர்கள். கோயிலும் மூடியிருக்கும், வெயிலும் கொளுத்தும். சாப்பாட்டுக்குச் சொதி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறிகளும் சேர்ந்த இந்தக் குழம்பை இஞ்சிப் பச்சடியோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் சாப்பிடுவது நெல்லை வழக்கம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். எல்லா ஹோட்டலிலும் எல்லா நாளும் இருக்காது. கிடைக்கவில்லையென்றால் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கேட்டுப் பாருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றுக்குப் போகலாம். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளத்தில் கோயில் மூழ்கும், நீர் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூசை தொடங்கும். படித்துறையில் உட்கார்ந்து காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆழம் தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம். அங்கிருந்து நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்துக்கு வாருங்கள். இரு ஊர்களுக்கும் இடையே படகில் கடக்க வேண்டியிருந்த காலத்தில், அரசுப் பணியில் இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்து, 1843-இல் திறக்கப்பட்ட பாலம் இது. மனைவியும் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். பாலத்தின் மேல் வண்டி நெரிசல் அதிகம்; கீழே கரையோரம் நின்று வளைவுகளைப் பார்ப்பதுதான் சரி.

மாலையில் கீழரத வீதிக்குத் திரும்புங்கள். அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், செய்தது தீர்ந்ததும் மூடிவிடும், வரிசையும் நீளும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் ரத வீதியில் பாத்திரக் கடைகளைச் சுற்றி வரலாம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுகிற அந்த அல்வாவை முதலில் நூறு கிராம் மட்டும் சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். நெய் விரலிடுக்கில் வழியும்போது உள்ள ருசி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறக்கும்போது இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு அரைநாள் வாடகைக் கார் பேசிக்கொள்வது நல்லது. காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து வாடகையை முன்னதாகவே பேசி முடித்துவிடுங்கள். திருச்செந்தூர் சாலையில் சற்றேறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் வரும். மதுரை நாயக்கர் காலத்துச் சிற்பங்களில் இவற்றுக்கு இணையானவை சிலவே என்பது என் உறுதியான எண்ணம். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனையும் ரதியையும் எல்லோரும் காட்டுவார்கள். இளவரசனைத் தோளில் சுமந்து செல்லும் குறத்தியின் முன் மட்டும் சற்று நேரம் நில்லுங்கள்: சுமையின் பாரம் அவள் இடுப்பின் வளைவில் தெரியும், ஆனால் முகத்தில் தெரியாது. காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது செதுக்கல் நன்றாகத் துலங்கும் என்பதால் எட்டு மணிக்கே போய்விடுங்கள். படம் எடுக்கலாமா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே சாலையில் மேலும் கிழக்கே போனால், பழங்காலத்து இடுகாட்டு மேடான ஆதிச்சநல்லூர். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களில் பலவும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து வருபவர்கள் புறப்படுவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த மேடு பேசத் தொடங்கும். 2023-இல் திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில், அகழ்ந்த குழியையும் அதனுள் இருக்கும் முதுமக்கள் தாழிகளையும் இருந்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காண முடிகிறது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மதியத்துக்குள் ஊர் திரும்பினால் இரவு ரயிலுக்கு முன் ஒரு பொழுது மிஞ்சும். மேற்கே அம்பாசமுத்திரம் சாலையில் உள்ள, பாய்க்குப் பேர்போன பத்தமடைக்கு அதைக் கொடுக்கலாம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழைபோல் கீறி, பெண்கள் தறியில் நெய்கிற பாய் அது; மிக நுண்ணிய ரகத்தைத் துணிபோல் மடிக்கலாம். மணமக்களின் பெயரும் திருமண நாளும் பாயிலேயே வரும்படி நெய்து வாங்குவது இப்பகுதியில் நெடுநாள் வழக்கம். அப்படி உங்கள் பெயர்களோடு ஒன்று வேண்டுமென்றால், போன கையோடு கிடைக்காது. நுண்ணிய பாய்க்கு நாள் பிடிக்கும். எழுத்துகளைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்து, முன்பணம் கட்டி, கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.