நோய்க்குக் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே நீரைக் குடித்து, ஒரே காற்றைச் சுவாசிக்கும் நால்வரில் ஒருவர் மட்டும் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். கிருமிதான் காரணம் என்றால் மற்ற மூவரையும் அது ஏன் விட்டுவைத்தது? நோயைப் பற்றிய மாற்றுக் கருத்துகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன. உடலின் உள்நிலை கெட்டால்தான் நோய் வரும், கிருமி அதன் விளைவே என்பார் ஒருவர்; உடலில் தேங்கிய நச்சே எல்லா நோய்க்கும் மூலம் என்பார் இன்னொருவர்; அமிலத்தன்மை கூடிவிட்டது என்பார் மற்றொருவர். கேள்வி நியாயமானது, கேட்க வேண்டியதும்கூட. ஆனால் நியாயமான கேள்வியைப் பிடித்துக்கொண்டு தவறான முடிவில் போய் நின்று உடல்நலத்தை இழந்தவர்கள் பலர். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். எந்த இடத்தில் வழி தவறுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம்.

விதையா, நிலமா?

முதல் தவறு, கிருமியையும் உடல்நிலையையும் ஒன்றுக்கொன்று எதிரான விடைகளாக எண்ணுவது. விதை இல்லாமலும் பயிர் இல்லை, ஏற்ற நிலம் இல்லாமலும் பயிர் இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் லூயி பாஸ்டர் கிருமியின் பக்கமும் அந்துவான் பெஷாம்ப் உடல்நிலத்தின் பக்கமும் நின்று வாதிட்டதை இன்றும் பலர் ஒரு வழக்கின் இரு தரப்புகளைப் போலவே பேசுகிறார்கள். பாஸ்டர் மரணப்படுக்கையில் ‘கிருமி ஒன்றுமில்லை, நிலமே எல்லாம்’ என்று ஒப்புக்கொண்டதாக ஒரு கதையும் உலவுகிறது. அதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. அப்படியே அவர் சொல்லியிருந்தாலும், நோய் எதனால் வருகிறது என்பதை ஒருவரின் கடைசிச் சொல் தீர்மானிப்பதில்லை.

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். மியூனிக் நகரின் பொதுச் சுகாதாரத்தைச் சீர்ப்படுத்திய பெரும் அறிஞர் மாக்ஸ் ஃபோன் பெட்டன்கோஃபர், காலராவுக்குக் கிருமி மட்டும் போதாது, மண்ணின் நிலையும் சேர வேண்டும் என்று உறுதியாக நம்பினார். 1892 அக்டோபரில், வயிற்று அமிலத்தைச் சோடாவால் தணித்துக்கொண்டு, காலராக் கிருமி வளர்க்கப்பட்ட திரவத்தை எல்லார் அறியவும் குடித்தார். அவருக்கு இலேசான வயிற்றுப்போக்கு மட்டுமே ஏற்பட்டது. கதையை இத்துடன் நிறுத்துபவர்கள், அவருடைய மாணவர் எம்மெரிக் அதே சோதனையைச் செய்து அவரைவிடக் கடுமையான வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டதைச் சொல்வதில்லை; பெட்டன்கோஃபருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காலரா வந்து போயிருந்ததையும் சொல்வதில்லை. அதே ஆண்டு ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியது. ஒட்டியிருந்த அல்டோனா நகரமோ ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டி வழங்கியது. இரண்டு நகரங்களிலும் மண் ஒன்று, காற்று ஒன்று, மக்களின் வாழ்க்கையும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் நோய், நீர்க்குழாய் எந்த நகரத்தினுடையது என்பதைப் பார்த்தே வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு மனிதர் தன் உடலில் செய்துகொண்ட துணிச்சலான சோதனையைவிட இரண்டு நகரங்களின் ஒப்பீடு எவ்வளவோ உறுதியான சான்று. தனியொருவரின் அனுபவத்தைப் பொதுவிதியாக்குவது எத்தகைய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதற்காக, நிலத்தைப் பற்றிப் பேசுவதே வீண் என்று சொல்வதும் தவறுதான். காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 விழுக்காட்டினர் மட்டுமே. ஊட்டக்குறைவும் நீரிழிவும் எச்ஐவி தொற்றும் அந்த வாய்ப்பைப் பெருக்குகின்றன. 1943இல் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கிலாந்தில் காசநோய் இறப்புகள் தொடர்ந்து குறைந்துவந்தன. வாழ்க்கைச் சூழலின் மேம்பாட்டிற்கு அதில் பங்கு உண்டு என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். ஆனால், நோய் வராமல் காப்பது வேறு, வந்த நோயைத் தீர்ப்பது வேறு. மருந்து இல்லாத அக்காலத்தில், சளியில் கிருமி தென்படுமளவு நோய் முற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் எழுவர் பத்தாண்டுகளுக்குள் இறந்தனர். நல்ல உணவும் தூய காற்றும் ஓய்வும் தருவதற்கென்றே சானடோரியம் எனப்படும் காசநோய் இல்லங்கள் கட்டப்பட்டிருந்த காலத்தின் நிலை இது.

மறுக்கப்பட்டதெல்லாம் உண்மை ஆகாது

மருத்துவர்கள் கை கழுவ வேண்டும் என்று வலியுறுத்திய ‘செம்மெல்வைசையும் முதலில் மறுத்தார்களே’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். மறுத்தார்கள் என்பது உண்மைதான். மருத்துவ உலகம் கருத்தை மாற்றிக்கொண்ட வேறு தருணங்களும் உண்டு. நரம்புகளைப் பாதிக்கும் பெரிபெரி நோய் கிருமியால் வருவது என்ற எண்ணத்தோடு ஜாவாவில் ஆய்வைத் தொடங்கிய கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்கு அதே போன்ற நோய் வருவதைக் கண்டார். தோலையும் குடலையும் மனத்தையும் பாதிக்கும் பெல்லக்ரா நோய் ஒரு தொற்றுநோய் என்று அமெரிக்க மருத்துவர்கள் பலர் நம்பியபோது, ஜோசப் கோல்ட்பர்கர் 1916இல் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டும், அவர்களின் தோல் செதில்களை விழுங்கியும், அது ஒட்டுவதில்லை என்று காட்டினார். உணவில் இருந்த குறைதான் காரணம். குறைந்திருந்த அந்தச் சத்து நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937இல் தெரியவந்தது. இதற்கு நேர் எதிராக, மன அழுத்தத்தாலும் மிகை அமிலத்தாலும் வருவதாக நம்பப்பட்ட இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா முக்கியக் காரணம் என்பதை பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நிறுவி 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவர்கள் மறுக்கப்பட்டதால் வென்றவர்கள் அல்லர். தங்கள் கருத்து தவறானால் எந்த இடத்தில் அது தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்திலேயே அதைச் சோதனைக்கு வைத்தார்கள். 1847இல் வியன்னாவில் செம்மெல்வைஸ், கைகளைக் குளோரின் கரைசலில் கழுவச் செய்தபோது பிரசவித்த பெண்களின் இறப்பு விகிதம் சில மாதங்களில் வெகுவாகக் குறைந்தது. குறையாதிருந்தால் அவர் கருத்து அன்றே வீழ்ந்திருக்கும். ஆகவே ஒரு மாற்றுக் கருத்தைக் கேட்கும்போது, அதை எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிராமல், எது நடந்தால் இந்தக் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று சொல்பவரிடம் கேளுங்கள். இதற்கு விடை இல்லாதவரிடம் நான் உடலை ஒப்படைக்க மாட்டேன்.

அமிலம், காரம், நச்சு

உணவால் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைத்து அதைக் காரமாக்கினால் நோய் அண்டாது என்பது இன்று பரவலாக உள்ள நம்பிக்கை. நலமாக உள்ளவரின் தமனி இரத்தத்தில் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும் சிறுநீரகம் அமிலத்தைக் கழித்தும் அதை அங்கேயே நிறுத்துகின்றன. நாம் உண்பது சிறுநீரின் பிஎச் அளவை மாற்றும். சோதனைத் தாளில் தெரியும் நிறமாற்றம் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதையே காட்டுகிறது, இரத்தம் மாறிவிட்டதை அல்ல. புற்றுநோய்க்கு அமிலமே காரணம் என்று கண்டறிந்ததற்காக ஓட்டோ வார்பர்க் நோபல் பரிசு பெற்றார் என்பதும் தவறான செய்தி. 1931இல் அவருக்குப் பரிசு கிடைத்தது, உயிரணுக்களின் சுவாசத்தில் பங்கேற்கும் நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. இந்த நம்பிக்கையின் பெயரால் காய்கறியும் பழமும் கூடுதலாக உண்பவருக்கு நன்மை கிடைக்கலாம்; ஆனால் அந்த நன்மை, சொல்லப்பட்ட காரணம் சரி என்பதற்குச் சான்றாகாது.

நச்சுநீக்கம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்த நச்சு, எவ்வளவு இருந்தது, சிகிச்சைக்குப் பின் எவ்வளவு குறைந்தது என்ற மூன்றையும் கேட்டாலே போதும். ஈய நஞ்சேறியவருக்கு இம்மூன்றையும் இரத்தப் பரிசோதனையால் சொல்லிவிட முடியும்.

குணமானது எதனால்?

சாதாரணச் சளிக்காய்ச்சல் ஏழு முதல் பத்து நாளில் தானே தணியும். மூட்டுவலியும் தோல்நோயும் ஏறி இறங்கும் இயல்புடையவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய சிகிச்சையை நாடுகிறோம், உச்சத்திற்குப் பின் அது இறங்கத்தான் செய்யும். ஆகவே எதை உட்கொண்டிருந்தாலும் அதற்குப் புகழ் சேர்ந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஒரு குழு தேவைப்படுவது இதனால்தான்.

இதைவிடக் கவலைக்குரியது, சிகிச்சைக்குப் பின் உடல் மோசமானால் ‘நச்சு வெளியேறுகிறது, இது குணமாவதற்கான அறிகுறி’ என்று சொல்லப்படும் விளக்கம். நலமடைந்தாலும் சிகிச்சை வென்றது, மோசமானாலும் சிகிச்சை வென்றது என்றால், அது தோற்பதற்கு வழியே இல்லாமல் போகிறது. நோயாளிக்கோ அபாயத்தை அறியும் வழி அடைபட்டுப்போகிறது. சிஃபிலிஸ் போன்ற சில தொற்றுகளில், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் கூடுவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீடிக்கும் வாந்தியையோ எடை இழப்பையோ மூச்சுத்திணறலையோ அந்தப் பெயரால் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

நோயாளியின் மீது பழி

உடல்நிலை கெட்டதால்தான் நோய் வந்தது என்ற கருத்து, சிறிதும் கவனம் தவறினால், நீயே கெடுத்துக்கொண்டாய் என்ற குற்றச்சாட்டாக மாறிவிடும். அடக்கிய கோபமே கட்டியானது என்று கேட்க நேர்ந்த தாய், நோயின் வேதனையோடு அந்தப் பழியையும் சுமக்கிறாள். மன அழுத்தம் உறக்கத்தையும் உணவையும் நோய் எதிர்ப்பாற்றலையும் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒழுங்காக வாழ்ந்த குழந்தைகளுக்கும் புற்றுநோய் வருகிறது. நோயை நீயே வரவழைத்துக்கொண்டாய் என்ற இந்த ஒன்றையாவது தயவுசெய்து எவரிடமும் சொல்லாதிருங்கள்.

மருந்தை நிறுத்துவது

மாற்றுக் கருத்தை ஏற்பதால் மட்டும் உயிர் போவதில்லை. தேவையான சிகிச்சையைக் கைவிடுவதால்தான் போகிறது. இன்சுலின் கிடைப்பதற்கு முன், முதல்வகை நீரிழிவு வந்த குழந்தைகளுக்குக் கடும் பட்டினி உணவுமுறை ஒன்றே வழியாக இருந்தது. அது ஆயுளைச் சில மாதங்களோ, மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளோ நீட்டியது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட பிறகே அந்நோய் மரண தண்டனையாக இருந்த நிலை மாறியது. உணவுமுறையால் முதல்வகை நீரிழிவைக் குணமாக்கலாம் என்று இன்று சொல்பவர்கள், ஏற்கெனவே நேர்மையாக முயன்று தோற்றுப்போன வழியையே மீண்டும் காட்டுகிறார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையிலுள்ள புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடியவர்கள் இறக்கும் வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று 2018இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

இரண்டையும் சேர்த்துக்கொள்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலிகை என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பதற்காகத் தரப்பட்ட மூலிகைக் கலவையில் அரிஸ்டோலோகியா தாவரம் கலந்திருந்ததால் பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன; சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. மனச்சோர்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கருத்தடை மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், உறுப்புமாற்றம் செய்தவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. எனவே உட்கொள்ளும் சூரணம், கஷாயம், மாத்திரை அனைத்தையும் உறையோடு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கடிந்துகொள்வாரோ என்று தயங்கி மறைத்தால், வேறு சில மூலிகைகளால் அறுவை சிகிச்சை மேசையில் இரத்தம் உறையாமல் போகும்போது அதன் காரணத்தை அவரால் ஊகிக்கக்கூட முடியாது.