பெயின்டும் முலாமும் உரியாமல் நிற்க: மோல்டிங் பிளாஸ்டிக்கைத் தயார் செய்யும் முறை

பிளாஸ்டிக் பாகத்தில் போட்ட பெயின்டோ முலாமோ உரிந்துவிட்டால், உரிந்த தோலைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். அது வழவழவென்று சுத்தமாக இருந்தால் பூச்சு பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கு, ரிலீஸ் ஸ்ப்ரே (பாகம் மோல்டில் ஒட்டாமலிருக்க அடிப்பது), போதாத எச்சிங் (அமிலத்தால் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்குவது) ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். பின்புறத்தில் பிளாஸ்டிக் பொடி மெல்லிய படலமாக ஒட்டி வந்திருந்தால் கதை வேறு. பூச்சு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக்கின் மேல்தோல்தான் கிழிந்திருக்கிறது. மேல்தோல் பலவீனமாவது பெரும்பாலும் உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு என்ற அச்சுக்குள் தள்ளி வார்க்கும் மோல்டிங் மெஷினில். சில சமயம் அளவு மீறிய எச்சிங்கில். எந்த பிரைமரும் (அடிப்பூச்சும்) இதைச் சரிசெய்யாது. அதனால்தான் தயாரிப்பைக் கழுவும் தொட்டியிலிருந்து தொடங்காமல் மோல்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மோல்டிங்கில் கவனிக்க வேண்டியவை

முலாம் போட மிகவும் ஏற்றது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அதற்குள் பியூட்டாடையீன் ரப்பர் சின்னஞ்சிறு உருண்டைகளாகப் பரவியிருக்கும். எச்சிங் அமிலம் இந்த உருண்டைகளை மட்டும் அரித்தெடுக்கும்போது, வாய் குறுகி உள்ளே அகன்ற குழிகள் கிடைக்கும். உலோகம் அவற்றில் பொத்தான் மாட்டியதுபோல் மாட்டிக்கொள்ளும். உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் வேகமாகத் தள்ளினால் தோலருகே இருக்கும் உருண்டைகள் இழுபட்டு நீண்டுவிடும். அவற்றை அரித்தால் ஆழமற்ற கீறல்தான் மிஞ்சும், பிடிமானம் இருக்காது. கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) அருகில் முலாம் அடிக்கடி உரிவது இதனால்தான்.

எனவே முலாமுக்கென்றே தயாரித்த ஏபிஎஸ் குருணையை வாங்குங்கள். அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கலக்காதீர்கள். குருணையை 80–85 டிகிரி செல்சியஸில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.05 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஈரம் மிஞ்சினால் பாகத்தின் மேல் வெள்ளிக்கோடுகள் ஓடும், அந்த இடத்தில் முலாம் கொப்புளிக்கும். உருக்கு வெப்பம் 240–260 டிகிரி, மோல்டு 60–80 டிகிரி, நிரப்பும் வேகம் மெதுவாக. சைக்கிள் நேரம் (ஒரு பாகம் வார்க்க ஆகும் நேரம்) கூடத்தான் செய்யும். அந்தச் சில நொடிகளை மிச்சம் பிடிப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கைத் திரும்பி வரும் பாகங்களில் இழக்கிறார்கள்.

ரிலீஸ் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அதிலும் சிலிகான் ஸ்ப்ரேயை அந்தக் கூடத்துக்குள்ளேயே விடாதீர்கள். ஒரு மெஷினில் அடித்தது காற்றில் பரவிப் பக்கத்து மெஷினின் பாகங்களிலும் படியும். சாதாரணக் கழுவலில் அது முழுதாகப் போகாது, பெயின்டில் மீன்கண் போன்ற வட்டப் பள்ளங்களாக எழும். பாகம் மோல்டை விட்டு வர மறுத்தால் மோல்டின் சரிவைக் கூட்டுங்கள், பாலிஷைச் சரிபாருங்கள்.

பாகத்துக்குள் இறுக்கம் (வார்த்தபோது உள்ளே தங்கிய அழுத்தம்) எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஏபிஎஸ் பாகத்தை அறை வெப்பத்திலுள்ள கிளேஷியல் (நீர் கலக்காத) அசெட்டிக் அமிலத்தில் 30 நொடி மூழ்கவைத்து, உடனே நீரில் அலசி உலர்த்துங்கள். வெள்ளை வெடிப்புகள் தெரிந்தால் இறுக்கம் அதிகம். தெரியாவிட்டால் வேறொரு பாகத்தை 2 நிமிடம் மூழ்கவைத்துப் பாருங்கள். அந்த அமிலம் தோலைச் சுடும், நெடி மூச்சை அடைக்கும். கையுறை, கண்ணாடி, புகை உறிஞ்சி மூன்றும் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். இறுக்கம் மிதமாக இருந்தால் 70–75 டிகிரி அடுப்பில் 2 முதல் 4 மணி நேரம் வைத்தால் தளரும். ஆனால் இழுபட்டு நீண்ட ரப்பர் இதனால் மீண்டும் உருண்டையாகிவிடாது.

கழுவுதல்

மோல்டிலிருந்து எடுத்த நொடியிலிருந்து வெறுங்கையால் தொடக் கூடாது. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போதும். மென்மையான காரக் கழுவியை 50–60 டிகிரி நீரில் கலந்து கழுவி, இரண்டு முறை அலசி, கடைசி அலசலுக்கு அயனி நீக்கிய நீரைப் பயன்படுத்துங்கள். குழாய் நீர் உலர்ந்தால் உப்புக்கறை தங்கும். பின்னால் ஈரம் பட்டதும் அந்தப் புள்ளிகளில் பெயின்ட் கொப்புளிக்கும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பதென்றால் இரண்டு துணி வேண்டும். நனைந்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஆல்கஹால் ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் எடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்தில் மீண்டும் படியும். அசெட்டோன், தின்னர் பக்கம் போகாதீர்கள். ஏபிஎஸ்ஸையும் பாலிஸ்டைரீனையும் அவை கரைக்கும். பாலிகார்பனேட்டில் அன்று ஒன்றும் தெரியாவிட்டாலும், சில நாள் கழித்து நுண்வெடிப்பு கிளம்பக்கூடும்.

சுத்தமா என்று பார்க்க நீரை ஊற்றினால், ஏபிஎஸ்ஸில் அது மணிமணியாகத் திரளாமல் ஓரளவு படலமாக நிற்க வேண்டும். இதை மட்டும் நம்பிவிடாதீர்கள்: காரக் கழுவி சரியாக அலசப்படாமல் ஒட்டியிருந்தாலும் நீர் அழகாகப் பரவும்.

பெயின்டுக்கு

ஏபிஎஸ்ஸுக்கு 400 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் தேய்த்து 600-இல் முடியுங்கள். 220 போன்ற முரட்டுக் காகிதத்தின் கீறல்களை பெயின்டின் கரைப்பான் வீங்கச்செய்து, இரண்டு நாளில் மேலே காட்டிக்கொடுக்கும். தேய்த்த பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். அயனியாக்கிய காற்றை ஊதுவதே நல்லது.

சிக்கலானது பாலிபுரோப்பிலீன். அதன் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவுதான். பெயின்ட் நன்றாக நனைத்துப் பிடிக்க 40-க்கு அருகில் வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அது மாறாது, பஞ்சு பஞ்சாகத்தான் வரும். அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, தீச்சுடர். காற்று சற்று மிகுந்த நீலச் சுடரின் உட்கூம்பு பாகத்தைத் தொடாமல், அதன் நுனிக்குச் சற்று வெளியே பாகம் இருக்கும்படி வேகமாக ஒரே சீராக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாது. மேற்பரப்பு பளபளத்து உருகினால் தாண்டிவிட்டீர்கள். மஞ்சள் சுடர் கரியைத்தான் பூசும். வேலை முடிந்ததும் டைன் பேனாவால் (மேற்பரப்பு ஆற்றலைச் சோதிக்கும், எண் குறித்த மைப்பேனா) கோடு போடுங்கள். கோடு 2 நொடி சுருங்காமல் நின்றால் அந்த எண்ணுக்கான அளவு எட்டிவிட்டது. கோடு போட்ட இடத்தில் மை தங்கும் என்பதால் சோதனைக்குத் தனிப் பாகம் வையுங்கள். சுடர் மேற்பரப்பில் உண்டாக்கிய இந்த மாற்றம் நாளாக நாளாகக் குறையும், அதனால் அன்றே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

மற்றொன்று, குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் கலந்த பிடிப்பூட்டி. இதை 5 மைக்ரான் அளவில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாக அடிக்க வேண்டும். ‘இன்னொரு கோட் அடித்தால் இன்னும் பிடிக்கும்’ என்ற எண்ணம் இங்கே எதிராக வேலை செய்யும்: தடித்த பிடிப்பூட்டி தனக்குள்ளேயே பிளந்து பெயின்டோடு கழன்று வரும்.

நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதை அடுப்பில் உலர்த்திவிட்டு, ஆறியதும் தாமதமின்றி பெயின்ட் அடியுங்கள். ஏபிஎஸ்ஸில் பெயின்டைச் சூடேற்றி உலர்த்தினால் 80 டிகிரியைத் தாண்டாதீர்கள், பாகம் கோணிவிடும்.

சோதனை: ஒரு நாள் காயவிட்டு, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடு வெட்டி, டேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள். பெயின்ட் கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால், முதலில் சொன்னபடி பின்புறத்தைப் பாருங்கள்.

முலாமுக்கு

இங்கே மணல் காகிதத்துக்கு வேலையில்லை. சொரசொரப்பை அமிலம் உண்டாக்கும். காகிதத்தின் கீறல் பளபளக்கும் குரோமியத்தில் அப்படியே தெரியும்.

வழக்கமான எச்சிங் குளியலில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் குரோமிக் அமிலமும் அதே அளவு கந்தக அமிலமும் இருக்கும். 65–70 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம். இதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். புகை உறிஞ்சி, முகக்கவசம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாத இடத்தில், வீட்டில் நிச்சயமாக, இதைத் தொடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் குரோமியம் டிரைஆக்சைடைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அதனால் பர்மாங்கனேட் குளியல்களும் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

சரியாக எச்சிங் ஆன ஏபிஎஸ் சீராக மங்கியிருக்கும். பளபளப்பு மிஞ்சினால் நேரம் போதவில்லை. சுண்ணாம்பு பூசியதுபோல் விரலில் பொடி ஒட்டினால் அளவு மீறிவிட்டது. பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ்ஸில் பாலிகார்பனேட் பாதியை நெருங்கினால் இந்தக் குளியல் மட்டும் போதாது, முன்னதாக வீங்கவைக்கும் கரைப்பானில் தோய்க்க வேண்டும்.

அடுத்து சோடியம் பைசல்ஃபைட் கரைசலில் மிச்சமிருக்கும் குரோமியத்தை வேதிவினையால் ஒடுக்கிச் செயலிழக்கச் செய்யுங்கள். இதில் அவசரம் கூடாது. குருட்டுத் துளைகளில் (மறுபுறம் திறக்காத துளைகளில்) தேங்கிய ஒரு துளி போதும், பின்னால் வரும் பலேடியத்தை (நிக்கல் படியத் தூண்டும் உலோகத்தை) கெடுத்து, துளையைச் சுற்றி முலாமே ஏறாமல் செய்துவிடும். பாகத்தை ஆட்டி, கவிழ்த்து, துளைகளை வடியவிடுங்கள்.

பலேடியம்-டின் (வெள்ளீயம்) குளியலுக்குள் நேராக அலசல் நீரோடு போகாதீர்கள். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு தோய்ப்பு, பிறகு பலேடியத்தில் அறை வெப்பத்தில் 2 முதல் 5 நிமிடம். இந்தக் குளியலைக் கலக்கக் காற்றுக் குமிழி விடக் கூடாது, டின் ஆக்சிஜனேறிக் கரைசல் உடைந்துவிடும். அதன் பின் பலேடியத்தை மூடியிருக்கும் டின்னை நீர்த்த அமிலக் குளியலில் 45 டிகிரியில் ஓரிரு நிமிடத்தில் கழற்றுகிறோம். குறைந்தால் நிக்கல் ஏறத் தயங்கும், கூடினால் பலேடியமும் கூடவே போய்விடும்.

கடைசியாக மின்சாரமில்லா நிக்கல் (வேதிவினையால் மட்டும் படிவது): பிஎச் 9 சுமார், 30–35 டிகிரி, 5 முதல் 8 நிமிடம். படலம் அரை மைக்ரானுக்கும் குறைவு. மின்சாரத்தால் தாமிரம் ஏற்றும் மின் குளியலுக்கு அனுப்பும் முன் விளக்கடியில் ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். விட்டுப்போன திட்டு இருந்தால் மின்சாரத்தில் மூடிக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள். மின்சாரம் கடத்தாத இடத்தில் தாமிரம் ஏறாது. எல்லா இடத்திலும் நிக்கல் சீராகப் படிந்திருந்தால், குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு மின்னோட்டம் கொடுத்தால், அந்த மெல்லிய நிக்கல் தொங்கவிட்ட கொக்கியைத் தொடும் இடத்திலேயே எரிந்துபோகும்.