சக்கர நாற்காலியோடு தமிழ்நாட்டுக்கு: எதை நம்பலாம், எதை அளக்க வேண்டும்

சக்கர நாற்காலியில் இருப்பவரை வெளிநாட்டிலிருந்து ஊருக்கு அழைத்துப் போகிறீர்களா? தங்குமிடத்தில் “வீல்சேர் போகுமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “போகும், பசங்க தூக்கிடுவாங்க” என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பிறர் தூக்கிவிட்டால்தான் கழிவறைக்கே போக முடியும் என்றால், அது தங்கக்கூடிய இடமல்ல. வாசலில் எத்தனை படி, ஒவ்வொன்றும் என்ன உயரம், குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண நாற்காலி ஏறக்குறைய 65 செ.மீ. அகலம். கதவு 75 செ.மீ.க்குக் குறைந்தால் கை இடிக்கும். சாய்தளத்துக்குக் கணக்கு 1:12, அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். குட்டைப் பலகையைச் சாய்த்துப் போட்டால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும்.

கட்டடம் எந்த ஆண்டு கட்டியது என்றும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அணுகல் விதிகளைப் பின்பற்றாத புதுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது அது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்தாண்டு தந்தது. அந்தக் கெடு முடிந்தும் திருத்தாதவை ஏராளம். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, புதுக் கட்டடம் என்றால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். அளக்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். படி ஏற முடியுமா, இருக்கை வரை நடக்க முடியுமா, இரண்டும் முடியாதா என்பதைத் தெளிவாகச் சொன்னால்தான் சரியான உதவி வரும். மின்நாற்காலியின் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் இரண்டையும் பெருக்க 240. அதைக் கழற்றி விமானத்துக்குள் கையோடுதான் எடுத்துப் போக வேண்டும். சார்ஜர் இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

சென்னையில் மெட்ரோதான் நிம்மதி: லிஃப்ட், பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் தொடுதடப் பாதை, பெட்டிக்குள் நாற்காலிக்கென்று இடம். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதன் பலனாக, 2024 ஆகஸ்டு முதல் ஏறப் படியில்லாத தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. ஆனால் பேருந்து நடைமேடையை ஒட்டி நிற்காவிட்டால் சாய்பலகை சாலையில் இறங்கி, ஏற்றம் செங்குத்தாகிவிடும். ஒட்டி நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். மெரினாவில் கடலருகே வரை மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்ததை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தி, பிறகு சீராக்கினார்கள்.

ரயிலில் வழக்கமான பெட்டிகளின் நடைவழி நாற்காலிக்குப் போதாது. கட்டணச் சலுகைக்கு இந்திய அரசு மருத்துவரின் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வெளிநாட்டில் தரும் வாகன நிறுத்த அட்டை இங்கே செல்லாது.

டாக்ஸி பதிவு செய்யும்போது டிக்கியில் எரிவாயு சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மடக்கிய நாற்காலிகூடப் பெரும்பாலும் உள்ளே போகாது.