தலையணையில் பழகி டிரம் செட்டுக்குப் போங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு டிரம்ஸ் அடித்தால் மாடி வீட்டு அக்கா சும்மா விடமாட்டார். அதனால் நான் கை பழகுவது தலையணையில்தான். குச்சி துள்ளாது, மணிக்கட்டுதான் முழு வேலையும் பார்க்கணும். ஒருவகையில் நல்லதுதான்.

தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் வையுங்கள். வ இ வ வ, இ வ இ இ. வ என்றால் வலது கை, இ என்றால் இடது. ஒரு எண்ணிக்கைக்கு நான்கு அடி. இந்தக் கை வரிசைக்குப் பெயர்தான் சிங்கிள் பாரடிடில்.

அப்புறம் டிரம் செட்டில் உட்கார்ந்ததும் வலது கையை ஹை-ஹாட்டுக்கும் (ஜோடித் தட்டு) இடது கையை ஸ்னேருக்கும் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்) பிரித்துவிடுங்கள். 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொண்டே 1, 3-க்குக் காலால் கிக், அதாவது பெரிய டிரம். இப்போது கவனியுங்கள்: 2-ம் 4-ம் தானாகவே இடது கையில், ஸ்னேர் மேல் வந்து விழும். அந்த இரண்டை மட்டும் ஓங்கி அடியுங்கள். மற்ற இடது அடிகளுக்குக் குச்சி ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது, கிசுகிசுப்பது போல இருக்கணும். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடித்தால் அது குரூவ் (ஆட வைக்கும் தாள ஓட்டம்) இல்லை, தகர டப்பா சத்தம்!

ஐந்து நிமிடம் தடுமாறாமல் வந்தால் 64-க்குப் போங்கள். மே மாதத்தில் மட்டும் மொட்டை மாடிப் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், வேலூர் வெயிலில் குச்சியே கையில் நிற்காது.